ஒட்டும் பனி

விழுகிற பனி படத்தை மறைப்பதில்லை. ஒட்டுகிற பனிதான் மறைக்கிறது. கனடாவில் வீட்டுக் கூரையில் டிஷ் வைத்துத் தமிழ் அலைவரிசை பார்த்தவர்கள் ஒரே குளிர்காலத்துக்குள் இதைத் தெரிந்துகொண்டு விடுவார்கள். இந்த நாட்டுப் பனியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டிருக்கும் கவிதைகளில் பெரும்பாலானவற்றுக்கு இது தெரியாது. அவற்றில் பனி வெள்ளையாக இருக்கும், குளிராக இருக்கும், ஊரை மூடும், நினைவை மூடும், சில சமயம் பிணத்தின் மேல் போர்த்திய சீலையாகவும் இருக்கும். எந்தப் பனி என்று கேட்டால் பதில் இராது. காய்ந்த பனியா, ஈரப்பனியா, உருகி மறுபடி இறுகிய பனியா? ரொறொன்ரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் ஒன்பது குளிர்காலங்கள் வாடகைக்கு இருந்தேன். வீட்டின் டிஷ்ஷைத் துடைக்கும் பொறுப்பும் காலப்போக்கில் என்னிடம் வந்து சேர்ந்தது. அதனால் இந்தக் கேள்வி எனக்கு இலக்கியக் கேள்வியாவதற்கு முன்பே கைவேலையாக இருந்தது.

முதலில் கைவேலையைச் சொல்லிவிடுகிறேன்.

டிஷ் பார்க்கிற செயற்கைக்கோள் பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. நிற்பதாகத் தோன்றுவது நமக்குத்தான்; உண்மையில் அது பூமி சுழலும் அதே கதியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேற்கு நெடுங்கோடு 91 பாகையில் நிற்கும் கோளை ரொறொன்ரோவிலிருந்து பார்ப்பதற்கு, நேர் தெற்கிலிருந்து கொஞ்சம் மேற்கே திரும்பி, அடிவானத்திலிருந்து 38 பாகை நிமிர வேண்டும். அங்கிருந்து வரும் அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டரைச் சென்ரிமீற்றர். தட்டு அதை வாங்கி, முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் கையின் நுனியிலுள்ள சிறு பெட்டிக்குள் குவித்து அனுப்புகிறது. அந்தப் பெட்டியை எல்.என்.பி. என்பார்கள். அவ்வளவு தூரம் வந்த சமிக்ஞை வந்துசேரும்போது மிக மெலிந்துபோய் இருக்கும். ஆகவே குறுக்கே எது நின்றாலும் கணக்கில் சேரும்.

ஆனால் எல்லாம் ஒரே மாதிரிச் சேர்வதில்லை. திரவமாக இருக்கும் நீரில் மூலக்கூறுகள் புரண்டு திரும்பச் சுதந்திரம் உள்ளவை. அலை வந்து இழுக்கும்போது அவை கூடவே திரும்புகின்றன. அந்தத் திரும்பலில் அலையின் சக்தி வெப்பமாகி அழிகிறது. பனிக்கட்டியில் அதே மூலக்கூறுகள் பூட்டப்பட்டிருக்கின்றன. அவற்றால் திரும்ப முடியாது, அலையை விட்டுவிடுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பில் உறைந்த மீனை வைத்தவர்களுக்கு இது தெரியும். ஓரங்கள் வெந்துபோகும், நடுவில் கட்டி கட்டியாகவே கிடக்கும். முதலில் எங்கே கொஞ்சம் நீராகிறதோ அங்கேதான் அடுப்பின் சக்தி முழுவதும் போய் விழுகிறது.

ஆகவே சைபருக்குக் கீழே பதினைந்து பாகையில் புயலாகக் கொட்டும் பனி, தெருவின் மறுபக்கத்து வீட்டை மறைத்தாலும், தொலைக்காட்சியை மறைப்பதில்லை. அந்தத் துகள்களில் நீர் என்று சொல்ல எதுவும் இல்லை. கையில் அள்ளினால் மாப்போல உதிரும், உருண்டை பிடிக்க வராது. அப்படியான இரவுகளில் படம் கண்ணாடி போல இருந்திருக்கிறது. படம் போவது வெப்பநிலை சைபரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் நாட்களில். அப்போது விழும் பனி பெரிய இதழ்களாக விழும். விழுந்த இடத்தில் ஒட்டும். பார்க்க அழகானதும் அதுதான். நத்தார் வாழ்த்து அட்டைகளில் வரைவது அந்தப் பனியைத்தான். தட்டின் மேல் அது அரை அங்குலம் அப்பினால் போதும். தட்டை விடவும், எல்.என்.பி.யின் முகமூடியில் ஒரு கைப்பிடி அப்பினால் கேடு அதிகம். சேர்ந்த சமிக்ஞை எல்லாம் கடக்க வேண்டிய வாசல் அது ஒன்றுதான்.

காய்ந்த பனியும் முழுக்க நிரபராதி என்று சொல்ல வரவில்லை. மேடு பள்ளமாகக் குவிந்தால் அது அலையைச் சற்று வளைக்கும், குவியும் இடம் பிசகும். ஆனால் அதைத் தட்டிவிடுவது சுலபம். தும்புத்தடியில் பழைய துவாய் ஒன்றைச் சுற்றிக் கட்டி, மேலிருந்து கீழாக மெதுவாக இழுத்தால் வந்துவிடும். அடிக்கக் கூடாது. தட்டு இரண்டு பாகை திரும்பினாலே படம் போய்விடும். பிறகு குளிருக்குள் நின்று ஆணி தளர்த்தித் திசை தேட வேண்டும். ஈரப்பனிக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர் நல்லது. ஏணி வைக்க முடியாத வீடுகளில் பிள்ளைகள் விளையாடும் தண்ணீர்த் துவக்கில் அதை நிரப்பிக் கீழிருந்தே அடிப்பார்கள். கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்ரிக் மூடி வெடிக்கும். குளிர் அதிகமான நாளில் எந்தத் தண்ணீரும் ஊற்றக் கூடாது, அங்கேயே கட்டியாகிவிடும். முன்கூட்டியே கார் மெழுகு பூசி வைப்பவர்கள் உண்டு. சமையல் எண்ணெய் விசிறுகிறவர்களும் உண்டு. அது இரண்டு மூன்று பனிக்குத் தாங்கும், பிறகு தூசி பிடிக்கும். இவற்றையெல்லாம் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று: எல்லா அலைவரிசைகளும் போயிருக்கின்றனவா, பாதியா? பாதிதான் போயிருந்தால் பெரும்பாலும் குற்றம் பனியுடையதல்ல. பெட்டி 13 வோல்ற், 18 வோல்ற் என்று இரண்டு மின்னழுத்தங்களை மேலே அனுப்பி, எல்.என்.பி.யை ஒரு வகை அலையிலிருந்து மற்ற வகைக்கு மாற்றுகிறது. அதில் ஒன்று நின்றிருக்கும். அல்லது வயர் திருகும் இடத்தில் நீர் போயிருக்கும்.

இவ்வளவையும் எனக்கு ஒருவரும் கற்றுத்தரவில்லை. வாங்கிய நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னால் பெட்டியை நிறுத்தி மறுபடி போடச் சொல்வார்கள்.

*

யாழ்ப்பாணத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் கிடப்பது. தலையில் இறங்கித் தடிமன் கொண்டுவருவது. "பனிக்குள்ளை நில்லாதை" என்று சொல்லி வளர்த்தார்கள். பனங்கூடலுக்கும் வெளிக்கும் இடையில் விடிய ஐந்து மணிக்குத் தொங்கும் புகாரும் பனிதான். அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு நாம் இங்கே வந்தோம். வானத்திலிருந்து கொட்டுவதற்கும், காரின் கண்ணாடியில் பூப்போலப் படர்வதற்கும், நடைபாதையில் கறுப்பாக மின்னி ஆளை விழுத்துவதற்கும் அந்த ஒரே சொல்லைப் போட்டோம். பேச்சில் 'ஸ்நோ' என்றும் 'ஐஸ்' என்றும் பிரித்துச் சமாளித்துக்கொண்டோம். எழுத்தில் மறுபடி எல்லாம் பனி.

பனியும் பனி சார்ந்த நிலமும் ஆறாம் திணை என்று புலம்பெயர் எழுத்தைப் பற்றிச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திணை என்பது ஒரு பெயர்ப்பலகை இல்லை. குறிஞ்சிக்கு மலை என்ற சொல் மட்டும் போதியதாக இருக்கவில்லை. எந்தப் பூ, எந்தத் தானியம், எந்தப் பறவை, எந்தப் பொழுது என்று கேட்டார்கள். முன்பனிக்கும் பின்பனிக்கும் வேறுபாடு கண்டவர்கள் அவர்கள். காய்ந்ததற்கும் ஈரமானதற்கும் வேறுபாடு காணாமல் நாம் எப்படி ஒரு திணையை உரிமை கோரலாம்? இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை, யன்னலைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு உருண்டை பிடிக்கலாமா இல்லையா என்று சொல்லிவிடும். அந்தப் பிள்ளைக்கு இருக்கிற பிரத்தியட்ச அறிவு நம் கவிதைக்கு இல்லை.

*

நிலையாக நிற்கும் கோள்கள் மூலம் உலகம் முழுவதும் ஒலிபரப்பலாம் என்று 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்ற பத்திரிகையில் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அவர் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தார். 2008 மார்ச்சில் கொழும்பில் இறந்தார். ஏ.டி.எஸ். 6 என்ற கோளின் வழியாக 1975இல் இந்தியக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டும் பரிசோதனை நடந்தபோது அவருடைய கொழும்பு வீட்டிலும் ஒரு பெரிய தட்டு வைக்கப்பட்டது. அவர் மறைந்து ஓராண்டு முடிவதற்கு முன்பே, அதே தீவின் வடக்கில் என்ன நடக்கிறது என்று அறிவதற்கு, உலகின் மறுபக்கத்தில் பனிக்குள் நின்று நாங்கள் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

கனடாவுக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. உள்நாட்டுத் தொடர்புக்கென்றே நிலைக்கோள் ஒன்றை முதலில் ஏவிய நாடு இது. 1972 நவம்பரில் மேலே போன அந்தக் கோளுக்கு அனிக் என்று இனுயிற் மொழியில் பெயர் வைத்தார்கள். அனிக் என்றால் சகோதரன். வடதுருவத்தை அண்டிய, தெருவே போகாத ஊர்களுக்கு அதன் வழியாகத்தான் நேரடித் தொலைக்காட்சி போனது. பிறகு 1999இல் வீட்டுக் கூரைத் தட்டுகளுக்காக ஏவியதற்கு நிமிக் என்று பெயர். பொருள்களைச் சேர்த்துக் கட்டுவது என்பது அதன் கருத்து.

*

2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி அரசபடையிடம் விழுந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்கார மாமி தொலைக்காட்சியை நிறுத்தவில்லை. அவருடைய கடைசித் தம்பி குடும்பத்தோடு வன்னிக்குள் இருந்தார். தொலைபேசி இல்லை. கடைசியாக வந்த செய்தி விசுவமடுவிலிருந்து, யாரோ ஒருவர் மூலம். ஜனவரி 30ஆம் திகதி நகர் மையத்தில் தமிழர்கள் மனிதச் சங்கிலியாக நின்றபோது வீட்டில் எல்லோரும் போனோம், மாமி வரவில்லை. அந்த நேரத்தில் ஏதாவது காட்டினால் யார் பார்ப்பது என்று கேட்டார்.

காட்டியவை பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. தறப்பாள் கூடாரம், மண்ணில் தோண்டிய பதுங்குகுழி, வரிசை, வண்டில், கையில் சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர். கமராவுக்கு முன்னால் முகங்கள் வந்து போகும். மாமி முகங்களைத்தான் பார்த்தார். செய்தி வாசிப்பவர் என்ன சொல்கிறார் என்பது அவருக்கு முக்கியமில்லை. சத்தத்தைக் குறைத்தே வைத்திருப்பார். படம் நின்றதும் கீழே வந்து என் கதவைத் தட்டுவார்.

"தம்பி, படம் நிண்டிட்டுது. ஒருக்கா ஏறிப் பாரும்."

அந்த மாதங்களில் நான் எத்தனை முறை ஏறினேன் என்று கணக்கில்லை. கராஜ் கூரையின் விளிம்பில்தான் டிஷ் இருந்தது; ஏணியில் ஏழு படி. நள்ளிரவிலும் ஏறியிருக்கிறேன். வேலைக்குப் போகுமுன் விடிய ஐந்து மணிக்கும் ஏறியிருக்கிறேன். ஒரு மனிதன் செய்யக்கூடிய காரியம் என்று அந்தக் காலத்தில் என் கைக்கு எட்டியது அதுதான். ஊர்வலம் போவதும் கையெழுத்து வாங்குவதும் எங்கே போய்ச் சேர்கின்றன என்று தெரியவில்லை. தட்டைத் துடைத்தால் உள்ளே படம் வந்தது. யன்னலில் மாமி கையைக் காட்டுவார்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெப்பநிலை சைபரைத் தொட்டுக்கொண்டு நின்ற நாள். காலையிலிருந்து பெரிய பெரிய இதழ்களாக விழுந்துகொண்டிருந்தது. மதியத்துக்குச் சற்று முன் படம் நின்றது. மாமி வரவில்லை. எனக்குத் தெரியும் நின்றிருக்குமென்று. நானாகவே ஏணியை எடுத்து வைத்துவிட்டு, எதற்கும் கேட்போம் என்று மேலே போனேன். மாமி தொலைக்காட்சிக்கு மிக அருகில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். அந்த வீட்டுப் பெட்டி, சமிக்ஞை அறுந்தால் கடைசியாக வந்த படத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு நீலச் சதுரத்தில் அறிவித்தல் போடும். பிடித்து வைத்திருந்த படத்தில் ஒரு கூட்டம். முன்னால் ஒருவர் கமராப் பக்கம் திரும்பியிருந்தார். அவருடைய நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்தன. மூக்குக்குக் கீழே நீலச் சதுரம்.

"எங்கடை தம்பியின்ரை நெத்தி மாதிரிக் கிடக்கு," என்றார்.

நான் துடைத்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"வேண்டாம் தம்பி. துடையாதையும். துடைச்சால் இது போயிடும். கொஞ்சம் இருக்கட்டும்."

அது சரிதான். சமிக்ஞை திரும்பினால் அந்தப் படம் திரும்பாது; அதற்கு அடுத்தது வரும். அந்த முகத்தை மாமிக்குப் பிடித்து வைத்திருந்தது ஈரப்பனி. அதைப் பாதி மறைத்ததும் அதுவே. நான் கதிரைக்குப் பின்னால் நின்றேன். மாமி நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் கிணற்றுக்கட்டில் விழுந்து தம்பிக்கு இடப்புருவத்துக்கு மேல் ஒரு வெட்டு இருந்தது என்றார். படத்தில் அந்த இடம் சிறு சதுரங்களாக உடைந்திருந்தது. காயமா, உடைந்த படமா என்று சொல்ல முடியவில்லை. "நாடியைக் காட்டினால் சொல்லிப்போடுவன்," என்றார். முக்கால் மணித்தியாலம் அப்படிப் போயிருக்கும். பிறகு வெளியே கொஞ்சம் வெயில் வந்தது. தட்டிலிருந்து பனி தானாக வழுக்கி விழுந்தது. கூரையில் சத்தம் கேட்டது. படம் அசைந்தது. ஒரு நகைக்கடை விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

மாமியின் தம்பி உயிரோடு வந்து சேர்ந்தார். செட்டிகுளம் முகாமில் இருப்பதாக ஆடி மாதம் தகவல் வந்தது. பிறகு தொலைபேசியில் பேசக் கிடைத்தபோது மாமி கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, பெப்ரவரியில் உன்னை யாராவது படம் எடுத்தார்களா என்பது. தன்னை ஒருவரும் படம் எடுக்கவில்லை, கமரா எதையும் தான் காணவில்லை என்றாராம். மாமி அதை என்னிடம் வந்து சொன்னார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் நின்று, "அப்ப அது ஆற்றையோ தம்பி," என்றார்.

அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

*

பழைய அலைவழித் தொலைக்காட்சியில் சமிக்ஞை அறுவது வேறுவிதமானது. 1980களில் யாழ்ப்பாணத்தில் நீளமான குழாயில் அன்ரனா ஏற்றி, கடல் தாண்டி வந்த தூரதர்ஷனைப் பார்த்தோம். காற்று மாறினால் படத்தின் மேல் வெள்ளைப் புள்ளிகள் கொட்டும். அந்தப் புள்ளிகளுக்கும் ஆங்கிலத்தில் பனி என்றுதான் பெயர். முகம் புள்ளிகளுக்குள் மெல்ல மெல்ல அமிழும். கடைசிவரை யார் என்று ஊகித்துக்கொண்டிருக்கலாம். இலக்க முறை அப்படியல்ல. ஓர் அளவு வரை குறையே இல்லாத படம். அந்த அளவுக்கு ஒரு மயிரிழை கீழே போனால் சதுரங்கள், பிறகு ஒன்றுமில்லை. மங்கலுக்கு அதில் இடமில்லை. மாமிக்கு வாய்த்தது அந்த விளிம்பு.

அந்தப் பழைய புள்ளிகளைப் பற்றி ஒரு விஷயம். 1964இல் நியூ ஜேர்சியில் ஹோம்டெல் என்ற இடத்தில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர், கோள் தொடர்புக்காகக் கட்டப்பட்ட ஒரு பெரிய கொம்பு அன்ரனாவை வைத்து வானத்தை அளந்துகொண்டிருந்தார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும் ஓர் இரைச்சல் மிஞ்சியது. உள்ளே புறாக்கள் கூடு கட்டியிருந்தன. புறாக்களைப் பிடித்து அகற்றி, எச்சத்தைச் சுரண்டித் துடைத்தார்கள். இரைச்சல் போகவில்லை. அது பிரபஞ்சம் தோன்றிய காலத்தின் மிச்ச வெப்பம் என்பது 1965இல் தெளிவாயிற்று. 1978இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய தொலைக்காட்சியின் வெள்ளைப் புள்ளிகளில் மிகச் சிறிய ஒரு பங்கு அந்த வெப்பத்தினுடையது. இந்தக் கதையில் பலருக்குப் பிடித்தது பிரபஞ்சம். எனக்குப் பிடித்தது புறா எச்சத்தைச் சுரண்டியது. துடைத்துப் பார்த்த பிறகுதான் மிஞ்சியதைப் பற்றி எதுவும் சொல்லும் உரிமை அவர்களுக்கு வந்தது.

கவிதை பற்றி எனக்கிருக்கும் மனக்குறையும் இதுதான். பனியைத் துயரத்தின் படிமமாக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. துடைக்காமல் ஆக்குவதில்தான் ஆட்சேபம். 2009க்குப் பிறகு எழுதப்பட்டவற்றில் உறைந்த கண்ணீர், உறைந்த காலம், உறைந்த மௌனம் என்று நிறைய வருகிறது. நான் கண்டவரையில் உறைந்தது எதையும் மறைக்கவில்லை. உறைந்த நாட்களில் எல்லாம் தெரிந்தது, தேவைக்கு மேலேயே தெரிந்தது. உருகத் தொடங்கிய நாளில்தான், அதுவும் பாதி உருகிய நிலையில்தான், ஒன்றும் தெரியாமல் போனது. இதைச் சொல்லும் ஒரு வரி கிடைத்தால் நான் அதை நம்புவேன். ஏனெனில் அந்த வரியை எழுதியவர் வெளியே போய் நின்றிருக்கிறார் என்று தெரியும்.

நோர்வேயின் வடக்கே ட்ரொம்ஸோவில் நண்பர் ஒருவர் இருக்கிறார். அங்கே கோள் அடிவானத்துக்கு மேலே ஏறக்குறையப் பத்துப் பாகையில்தான் இருக்கிறது. தட்டின் அமைப்பு அப்படியானது என்பதால், அது நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக முன்னே குனிந்து நிலத்தைப் பார்ப்பது போல நிற்கும் என்று எழுதியிருந்தார். குனிந்து நிற்பதால் தட்டில் பனி தங்காதாம், எல்.என்.பி. மேல்தான் தங்குமாம். யாழ்ப்பாணத்தில் கோள் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். அங்கே தட்டுகள் சட்டி மாதிரி மல்லாந்து கிடந்து மாரி மழையை ஏந்தும். ஒரே ஊரிலிருந்து போனவர்களுடைய வீடுகளில் இத்தனை விதமான குனிவும் நிமிர்வும்.

ஸ்காபரோவில் இப்போது அனேகமான வீடுகளில் படம் இணையத்தின் வழியாக வருகிறது. தட்டுகளைக் கழற்ற ஒருவரும் மெனக்கெடவில்லை. தொடர்மாடிகளின் தெற்குப் பக்கத்து பல்கனிகளில் இன்னும் வரிசையாக நிற்கின்றன. வயர் வெட்டப்பட்டுத் தொங்குகிறது. சென்ற மாசியில் ஈரப்பனி கொட்டிய ஒரு நாள், பஸ்ஸுக்கு நின்றபோது எண்ணிப் பார்த்தேன்: ஒரே கட்டடத்தில் பதினாறு. எல்லாவற்றிலும் பனி அப்பியிருந்தது. ஒரு பல்கனியில் மட்டும் வயதான ஒருவர் வந்து தும்புத்தடியால் தட்டை மெதுவாகத் துடைத்துவிட்டு உள்ளே போனார்.